பரணிலிருந்து இறங்கிய துணிப்பெட்டி

மதுரையில் வாழும் எங்கள் அம்மாவுக்கு வயது 63. கடந்த 20 ஆண்டுகளாக வீட்டிலேயே ஒட்டுப்போர்வைகள் தைத்து வருகிறார். துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி இணைத்து மேலடுக்கு செய்வார். பழைய பருத்திச் சேலைகளை நடுவில் வைத்து, வேட்டித் துணியை அடியில் விரித்து, மூன்றையும் ஓட்டத்தையலால் கோத்துவிடுவார். மதுரை வெயிலுக்குப் பஞ்சு அடைத்த மெத்தைப் போர்வை ஒத்துவராது. சேலை அடுக்கிய இந்தப் போர்வையே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம்.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு இடப்பக்க மார்பில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அறுவைச் சிகிச்சையும் அதைத் தொடர்ந்து கீமோ சிகிச்சையும் நடந்தன. அந்த மாதங்களில் அம்மாவின் தையல் வேலையை ஒட்டி எங்கள் வீட்டில் நடந்தவற்றை, அவருடைய இசைவுடன், மகள்களாகிய நாங்கள் இருவரும் இங்கே எழுதுகிறோம். எங்களைப்போல் நோயாளியுடன் இருப்பவர்களுக்கு இது ஏதேனும் ஒரு வகையில் பயன்படலாம்.

பரணுக்குப் போன பெட்டி

அறுவைச் சிகிச்சைக்காக அம்மா மருத்துவமனையில் இருந்த நாட்களில் நாங்கள் அவருடைய அறையை ஒழுங்குபடுத்தினோம். கட்டிலுக்கு அடியில் பெரிய தகரப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் நிறம் நிறமாக மடித்து வைத்த துணிகள், தையற்கடைகளில் கேட்டு வாங்கிய வெட்டுத்துண்டுகள், முடிவடையாத இரண்டு போர்வைகள் ஆகியவை இருந்தன. ஒன்று, பேத்தி பிறந்தபோது தொட்டிலுக்கென்று தொடங்கியது. அவள் இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். மற்றொன்று, மறைந்த எங்கள் அப்பாவின் சட்டைகளை வெட்டித் தொடங்கியது.

தூசி படியும், நோய்த்தொற்று வரும் என்று எண்ணி, பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டோம். அம்மாவிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நல்லதைத்தான் செய்கிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு.

வீடு திரும்பிய அம்மா கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வாரங்களும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். களைப்பு என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். ஒருநாள் மாலை, கஞ்சி கொடுக்கும்போது அவரே சொன்னார்: “என் உடம்பைப் பார்க்க டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். அந்தப் பெட்டி ஒன்றைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

அன்றிரவே பெட்டி கீழே இறங்கியது. துணிகளைத் துவைத்து வெயிலில் உலர்த்தி, மூடியுள்ள சுத்தமான கூடையில் வைத்துக் கொடுத்தோம். தூசிக்குத் தீர்வு அவ்வளவு எளிதாக இருந்தது. அதை முதல் நாளே அவரிடம் கேட்டுச் செய்திருக்கலாம்.

குளிர்ந்த அறைக்கு ஒரு சிறு போர்வை

கீமோ மருந்து ஏற்றும் அறை குளிரூட்டப்பட்டது. முதல் சுற்றின்போது நான்கு மணி நேரம் அம்மா நடுங்கியபடி அமர்ந்திருந்தார். வீட்டிற்கு வந்ததும் அவர் எடுத்த முதல் முடிவு, மடிமீது விரித்துக்கொள்ள ஒரு சிறு போர்வை தைப்பது.

அதற்கான துணி எல்லாம் பெட்டியிலேயே இருந்தது. தைத்து முடித்தபின் 6 அங்குலம் வரும் சதுரங்கள், அகலத்தில் 6, நீளத்தில் 8, ஆக 48. மொத்தம் 3 அடிக்கு 4 அடி. நாற்காலியில் அமர்ந்தால் பாதம்வரை மூடும், தரையில் புரளாது. சதுரங்களை நாங்கள் இயந்திரத்தில் இணைத்தோம். அடுக்குகளைக் கோக்கும் கைத்தையலை அம்மா நாளுக்கு அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டு செய்தார். மூன்றாம் சுற்றுக்குப் போர்வை தயாராகிவிட்டது. செவிலியரிடம் கேட்டோம். நன்றாகத் துவைத்து உலர்த்தியதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வருகைக்குப் பின்னும் மீண்டும் துவைக்க வேண்டும், பிற நோயாளிகளுடன் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று கூறி இசைவளித்தனர்.

பழைய துணியைக் கோத்துப் போர்த்துவது நம் நாட்டின் பல பகுதிகளில் பெண்கள் காத்துவந்த கலை. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டத்தையலிட்டுக் காந்தா செய்கின்றனர். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் ஓரத்திலிருந்து தையலைத் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகின்றனர். அம்மாவின் கை இவற்றில் எதையும் முறையாகப் பயின்றதன்று. ஆயினும் நோக்கம் ஒன்றே: தேய்ந்த துணி ஒவ்வொன்றும் தனித்தனியே கிழியும், கோத்துவிட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

அறுபது சென்டிமீட்டர் கணக்கு

நான்காம் சுற்றுக்கு முந்தைய வாரம் அம்மா கடைக்குப் போக வேண்டும் என்றார். தொட்டிலுக்கென்று தொடங்கிய போர்வையைப் பேத்தியின் கட்டிலுக்கு ஏற்பப் பெரிதாக்க வேண்டுமாம். எங்களுக்குச் சினம் வந்தது. சிகிச்சைக்கு நடுவே கடைவீதியா? இருக்கும் துணி போதாதா?

மருத்துவரிடமே கேட்டோம். மூன்று வாரத்திற்கு ஒருமுறை தரும் மருந்தில், பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். மூன்றாம் வாரத்தில் அவை மீண்டு வரும் என்று விளக்கினார். இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கூட்டமில்லாத நேரத்தில் முகக்கவசம் அணிந்து சென்று விரைவில் திரும்பலாம் என்றார்.

காலையில் கடை திறந்ததும் விளக்குத்தூண் பகுதிக்குச் சென்றோம். முன்பெல்லாம் அம்மா அங்கிருந்து புது மண்டபம்வரை நடந்து, அப்போது சிற்பத் தூண்களுக்கு நடுவே அமர்ந்து தைத்துவந்த தையற்காரர்களிடம் துண்டுத்துணி கேட்டு வாங்குவார். அன்று ஒரே கடை, ஒரே நாற்காலி, 40 நிமிடம். துணியை இரு விரலால் தேய்த்துப் பார்ப்பதும், வெளிச்சத்தில் தூக்கி இழையின் நெருக்கத்தைக் காண்பதும் மட்டும் மாறவில்லை.

ஒவ்வொரு நிறத்திலும் 60 சென்டிமீட்டர் கேட்டார். அரை மீட்டர் போதாதா என்று நாங்கள் தடுத்தோம். கடைக்காரர் முன்னிலையிலேயே அம்மா கணக்குச் சொன்னார். 6 அங்குலச் சதுரத்திற்குத் தையலுக்கும் சேர்த்து ஆறரை அங்குலம் வெட்ட வேண்டும். மூன்று வரிசைக்குப் பத்தொன்பதரை அங்குலம். அரை மீட்டர் என்பது ஏறத்தாழ 19.7 அங்குலம். வாங்கும்போது மூன்று வரிசை வரும். துவைத்ததும் பருத்தி சற்றே சுருங்கும். பிறகு இரண்டு வரிசைதான் வரும். 10 சென்டிமீட்டருக்குச் சிக்கனம் பார்த்தால் ஒரு முழு வரிசையை இழப்போம். 44 அங்குல அகலத் துணியில் வரிசைக்கு 6 சதுரம். மூன்று வரிசைக்கு 18. போர்வைக்கு வேண்டியவை 150. ஆகவே ஒன்பது நிறங்கள். 162 சதுரம் கிடைக்கும், 12 மிஞ்சும்.

“மிஞ்சுவது எதற்கு?” என்று கேட்டோம். “அடுத்த போர்வைக்கு” என்றார்.

திரும்பி வரும் வழியில் நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. அதுவரை, சிகிச்சை முடியும் நாளுக்கு அப்பால் எதையும் எண்ணத் துணியாமல் இருந்தவர்கள் நாங்கள். அம்மாவோ அடுத்த போர்வைக்கும் சேர்த்து அளந்து வாங்கியிருந்தார்.

உணராத ஊசி

அடுத்த கட்டமாக, பாக்ளிடாக்சல் என்னும் மருந்து வாரந்தோறும் 12 முறை என முடிவாயிற்று. ஏழாம் வாரத்தில் ஒருநாள் பேத்தியின் போர்வையை அம்மா தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டித் துணியில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டோம். கைத்தையலில் ஒரு கை மேலிருந்து ஊசியைச் செலுத்தும். மற்றொரு கை அடியில் இருந்து அதன் நுனியைத் தொட்டறியும். அம்மாவின் இடக்கை விரல்களில் மூன்று இடங்களில் ஊசி ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

அதே இடப்பக்க அக்குளில்தான் நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்தார்கள். அந்தக் கையில் காயம்பட்டால் தொற்றும் வீக்கமும் எளிதில் வரக்கூடும் என்று வீடு திரும்பும் நாளிலேயே எச்சரித்திருந்தனர். சோப்பும் நீரும் கொண்டு கழுவி, கிருமிநாசினி இட்டு, உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினோம். சிவப்பு, வீக்கம், சூடு ஆகியவற்றைக் கவனிக்கவும், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் இரவாயினும் உடனே வரவும் சொன்னார்கள். நல்லவேளையாக எதுவும் நேரவில்லை.

மறுநாள் மருத்துவர் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. விரல்கள் மரத்துப்போகத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. சட்டைப் பொத்தானை மாட்டச் சிரமம். தேநீர்க் குவளையின் சூடு தெரியவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்று அஞ்சி மறைத்திருக்கிறார். இம்மருந்துக்கு இப்படி நரம்பு மரத்துப்போவது அறிந்த பின்விளைவு என்றும், முன்கூட்டியே சொன்னால் அளவை மாற்ற வழியுண்டு என்றும், சொல்லாமல் விட்டால் நீண்டகாலம் தங்கிவிடக்கூடும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மருந்தின் அளவு சற்றுக் குறைக்கப்பட்டது. சிகிச்சை நிற்கவில்லை.

நாள்தோறும் அருகிலிருந்த எங்களுக்குப் புலப்படாததை ஒரு ஊசி காட்டிக்கொடுத்தது. “வலிக்கிறதா?” என்று நாங்கள் தினமும் கேட்டோம், “இல்லை” என்று அம்மா உண்மையாகவே பதில் சொன்னார். “பொத்தான் மாட்ட முடிகிறதா?” என்று கேட்டிருக்க வேண்டும்.

வேலையைப் பகிர்ந்த விதம்

ஊசியை விட்டாலும் அம்மா வேலையை விடவில்லை. சதுரங்களைக் கட்டில்மீது அடுக்குவது அவர் பொறுப்பாயிற்று. அடுக்கியதும் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்ப்பார். நிறம் நீங்கிய படத்தில் எது வெளிர், எது அடர்த்தி என்பது தெளிவாகத் தெரியும். அடர்த்தியானவை ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் கலைத்து அடுக்குவார். தையற்கோடுகளைச் சுண்ணக்கட்டியால் வரைவதும் அவரே. நாங்கள் தைத்தோம். கோணலாகப் போனால் பிரிக்கச் சொன்னார். நோயாளி என்பதற்காக அவரும் எங்களை விட்டுக்கொடுக்கவில்லை, மகள்கள் என்பதற்காகத் தையலையும் விட்டுக்கொடுக்கவில்லை.

தைக்க விரும்புவோர் கவனத்திற்கு

சிகிச்சைக் காலத்தில் ஊசி, கத்தரி எடுக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். தட்டணுக்கள் குறைந்திருந்தால் சிறு குத்தலும் நெடுநேரம் குருதி கசியச் செய்யும்.

நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கைக்கு விரலுறை அணியுங்கள். 20 நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்திக் கையை நீட்டி மடக்குங்கள். கை கனத்தாலோ மோதிரம் இறுகினாலோ உடனே தெரிவியுங்கள்.

விரல்கள் மரத்துப்போனால் தைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுக்குவது, நிறம் தேர்வது, அளப்பது போன்ற வேலைகள் அப்போதும் உண்டு.

புதுத் துணியை வெட்டுமுன் துவையுங்கள். சுங்குடி போன்ற சாயத்துணியின் ஒரு முனையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். மும்முறை அலசிய பிறகும் சாயம் ஒட்டினால் அதைப் போர்வையில் சேர்க்காதீர்கள்.

உடனிருப்போருக்கு ஒன்று: நோயாளியின் பொருளை இடம் மாற்றுமுன் அவரிடம் கேளுங்கள்.

அம்மாவின் சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறோம். விரல் நுனிகளில் மரத்த உணர்வு குறைந்திருக்கிறது, முழுவதும் நீங்கவில்லை. பேத்தியின் போர்வை முடிந்து அவள் கட்டிலில் கிடக்கிறது. அதில் கோணலான தையல்கள் எங்களுடையவை. அப்பாவின் சட்டைப் போர்வை இன்னும் பாதியில் நிற்கிறது. அதை மட்டும் தம் கையாலேயே தைக்க வேண்டும் என்று அம்மா விரல்களுக்காகக் காத்திருக்கிறார். மிஞ்சிய 12 சதுரங்கள் கூடையின் மேலேயே இருக்கின்றன. கூடை கட்டிலுக்கு அடியில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.