கடதாசி உன் கையில் இருக்கட்டும்

2024 ஒக்டோபர் முதல் கிழமை. மட்டக்களப்பு வாவியில் இன்னும் மாரித்தண்ணீர் ஏறவில்லை. முகத்துவாரம் வெட்டுவது பற்றி ஊரில் பேச்சும் இல்லை. இரவு பத்து மணிக்கு மருமகன் ஜேர்மனியிலிருந்து வைபரில் எடுத்தான். போய் நாலாம் நாள். படுவான்கரையில் இருக்கும் தன் தாயிடம், என் தங்கச்சியிடம், அப்போதுதான் கதைத்து முடித்திருந்தான். "மனே, சோறு கிடைக்குதா, குளிருதா?" என்று அவள் கேட்டதற்கெல்லாம் நல்லபடியாகப் பதில் சொல்லிவிட்டு, அவளிடம் சொல்ல முடியாததை எனக்கு வைத்திருந்தான்.

"மாமா, அறைக்காரர் பதிவுக்குக் கையெழுத்து வைக்கமாட்டாராம். இருக்கிறதெண்டா இரு, இல்லாட்டிப் போ எண்டுறார்."

கையெழுத்துத்தானே என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படி நினைக்கக் கூடாது. ஜேர்மனியில் ஒரு வீட்டில் குடிபுகுந்தால் இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பது அதன் பெயர். அதற்கு, இன்னார் இன்ன திகதியில் என் வீட்டில் குடிவந்தார் என்று வீடு கொடுத்தவர் எழுதித்தர வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் வரி இலக்கம் வராது, வதிவிட அனுமதி நகராது, பல வங்கிகளில் கணக்கும் திறக்க முடியாது. பதியாமல் விட்டால் 1,000 யூரோ வரை தண்டப்பணம் உண்டு. கையெழுத்து வைக்க மறுக்கும் வீட்டுக்காரருக்கும் அதே தண்டம்தான். அவர் தரும் சலுகையல்ல அது, அவருடைய சட்டக் கடமை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மருமகனுடைய குரலில் இருந்த நடுக்கம் குறைந்தது.

"சும்மா என்ர விலாசத்தைக் குடு" என்று சொல்லும் நல்ல மனசுக்காரரும் இருக்கிறார்கள். குடியிராத ஒருவருக்குப் பதிவுக்காக விலாசம் கொடுப்பவர்மேல் 50,000 யூரோ வரை தண்டம் விழலாம். உதவுகிறவரையே மாட்டிவிடும் உதவி அது.

மருமகன் மறுநாள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போனான். அவர்கள் அனுப்பிய இடம் ஸ்டூடியரன்டன்வெர்க். மாணவர் விடுதி, உணவகம், சமூக ஆலோசனை எல்லாம் பார்க்கும் பொது நிறுவனம் அது. ஜேர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் இருக்கிறது. தற்காலிகமாக ஒரு படுக்கை கிடைத்தது. பன்னிரண்டாம் நாள் பதிவு முடிந்தது. முதல் அறைக்குக் கொடுத்த 400 யூரோ மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. ஏனென்றால் அது உண்டியலில் போன காசு. பற்றுச்சீட்டு இல்லை, ஒப்பந்தம் இல்லை, யாரிடம் கேட்பது? வங்கி வழியாகப் போயிருந்தால் கேட்க ஒரு கடதாசியாவது இருந்திருக்கும். ஜேர்மன் சட்டப்படி வாடகை முற்பணம், வெப்பம் போன்ற துணைச் செலவுகள் சேராத மூன்று மாத வாடகைக்கு மேல் போக முடியாது. அதையும் மூன்று தவணையில் கட்டலாம். இங்கிலாந்தில் பொதுவாக ஐந்து கிழமை வாடகைதான் உச்சம். அதை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றில் வைப்பிலிட வேண்டும். அறையைக் கண்ணால் காணாமல், எழுத்தில் ஒன்றும் இல்லாமல் காசு அனுப்பாதீர்கள். சொந்தக்காரர் சொன்னாலும் அனுப்பாதீர்கள்.

காசைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய் வழியாக மகளுக்குப் போகும் வளவை ஈடு வைத்துத்தான் இன்று பல பொடியன்கள் விமானம் ஏறுகிறார்கள். போகிறவன் தம்பி, ஈட்டில் கிடப்பது அக்காவின் உறுதி. ஆகவே ஏஜென்சிக்காரரின் மேசையில் ஒவ்வொரு ரூபாயும் எதற்கு என்று கேட்பது மரியாதைக்குறைவு அல்ல.

ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. தவணைக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத்தான். பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் தவணைக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. இதற்கு மேலே "கெம்பஸ் பீஸ்" என்று இலட்சக்கணக்கில் கேட்டால், கல்வி நிறுவனத்தின் பெயரை வாங்கி நேரடியாக அதற்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு 2024 செப்டெம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. நாற்பது இலட்சம் ரூபாயைத் தாண்டும் தொகை. அது போகவேண்டியது மாணவனின் பெயரில் திறக்கும் ஷ்பெர்கொன்டோ என்ற முடக்கிய கணக்குக்கு. அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அவனுக்கே திரும்பி வரும். விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டி அதை மீட்கலாம். ஏஜென்சியின் கணக்கில் அதைப் போடச் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள். கடன் காசைக் காட்டிவிட்டு எடுக்கலாம், சான்றிதழைச் "சரிப்படுத்தலாம்" என்பவரிடமும் அதே. விசாவுக்குப் பொய்த்தகவல் கொடுப்பது அங்கே தண்டனைக்குரிய குற்றம். மாட்டுவது கையெழுத்திட்ட மாணவன், ஏஜென்சிக்காரர் அல்ல.

காப்புறுதியில் ஒரு பொறி இருக்கிறது; இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 30 வயதுக்குக் குறைந்த மாணவர் அரச முறையிலான மருத்துவக் காப்புறுதியில் சலுகைக் கட்டணத்தில் சேரலாம். மலிவு என்று தனியார் காப்புறுதியைத் தெரிவுசெய்து, அரச முறையிலிருந்து விலக்குக் கேட்டு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. முதல் கிழமையின் களைப்பில் போடும் ஒரு கையெழுத்து வருசக்கணக்கில் பின்னால் வரும்.

வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு மாணவர் பணிப்புரைப்படி கிழமைக்குக் குறைந்தது 15 மணிநேரமாவது வேலைசெய்ய விடவேண்டும். அயர்லாந்தும் டென்மார்க்கும் அதற்குள் இல்லை. பிரான்ஸில் ஆண்டுக்கு 964 மணிநேரம். ஜேர்மனியில் 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள். அங்கே குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. கறுப்பில் வேலை செய்யச் சொல்லும் கடை நம்மவருடையதாகவும் இருக்கும். "பதிஞ்சா வரி வெட்டுவாங்கள் தம்பி" என்று அக்கறையாகத்தான் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்துச் சம்பளம் தராதபோதுதான் பதிவின் அருமை தெரியும். ஆனால் ஒப்பந்தம் எழுதாமல் உழைத்தவனுக்கும் கூலி கேட்கும் உரிமை உண்டு. எந்த நாள், எத்தனை மணிநேரம் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். ஜேர்மன் தொழில் நீதிமன்றத்தில் முதல் கட்டத்துக்கு வழக்கறிஞர் தேவையில்லை. நீதிமன்றத்திலேயே உட்கார்ந்து முறைப்பாட்டை எழுதிக் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டை முதலாளியோ வீட்டுக்காரரோ வாங்கி வைக்க அனுமதி இல்லை. ஆபத்தென்றால் ஒன்றியத்தின் எந்த நாட்டிலும் 112.

இன்னொரு பாதையும் ஊரில் விற்கப்படுகிறது: ஒரு நாட்டுக்கு மாணவர் விசா, அங்கிருந்து காடு தாண்டி இன்னொரு நாடு. 2021இல் பெலாரஸ், போலந்து எல்லைக் காட்டுக் குளிரில் மனிதர்கள் செத்ததை உலகமே பார்த்தது. படிப்பு என்று தொடங்கி எல்லை கடப்பதில் முடியும் பயணத்துக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இங்கே, இலங்கையில் ஏமாந்தவருக்கும் வழி இருக்கிறது. படிப்போடு வேலையும் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குபவர், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது குற்றம்; 1989க்கு அழைத்துச் சரிபார்க்கலாம். வெறும் படிப்பு என்று ஏமாற்றியிருந்தால் பொலிஸில் ஏமாற்றல் முறைப்பாடு. சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலேயே இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்பது பற்றுச்சீட்டையும் வாட்ஸ்அப் செய்திகளையும்தான். அழித்துவிடாதீர்கள். பிள்ளையின் பாஸ்போர்ட், விசா, அனுமதிக் கடிதம், கணக்கு விபரம் எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

நம்முடைய பெயரைப் பற்றி ஒரு சொல். அங்கே தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடும். பாஸ்போர்ட்டில் ஒரு ஒழுங்கு, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று என்றிருந்தால் ஒவ்வொரு மேசையிலும் விளக்க வேண்டிவரும். இங்கேயே திருத்திக்கொண்டு போங்கள். தபாற்பெட்டியில் அந்தக் குடும்பப் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவார். வங்கி அட்டை, வரி இலக்கம், காப்புறுதி அட்டை எல்லாம் தபாலில்தான் வரும்.

பதின்மூன்றாம் நாள் மருமகன் ஒரு படம் அனுப்பினான். சாம்பல் நிறப் பெட்டி வரிசையில் ஒன்றின்மேல் வெள்ளைக் கடதாசி, அதில் பேனையால் அவனுடைய அப்பாவின் பெயர். மனிதர் செத்து ஆறு வருசம். தங்கச்சி தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"அவர்ர பேரு போட்டிருக்கு," என்றாள். பிறகு, "மழை பட்டா அழிஞ்சிரும். டேப் ஒட்டச் சொல்லுங்க அண்ணா."