என்ரிகோ கரூசோவின் நிஜக் குரல் எது? பழைய இசைத்தட்டுகளை மீட்பது எப்படி?

நூறு வருஷப் பழைய கிராமபோன் பாட்டை யூடியூபில் கேட்டிருப்பீர்கள். கரகர சத்தம், அதற்குப் பின்னால் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல ஒரு குரல். 'அந்தக் காலத்துல எல்லாரும் மூக்காலதான் பாடுவாங்க போல' என்று கமென்ட் போடுபவர்களும் உண்டு. ஆனால், குரலை அப்படி மாற்றியது பதிவுக் கருவிதான்.

மைக் இல்லாத காலம்

1902 ஏப்ரல். இத்தாலியின் மிலான் நகர ஹோட்டல் அறை ஒன்றில், இளம் ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோ ஒரு கூம்புக்கு முன்னால் நின்று பாடினார். கூம்பின் மறுமுனையில் மெல்லிய சவ்வு. குரல் பட்டு அது அதிர, அதோடு இணைந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு போடும். அவ்வளவுதான் டெக்னாலஜி!

மைக் வைத்துப் பதிவுசெய்த இசைத்தட்டுகள் 1925-ல்தான் பரவலாக வரத் தொடங்கின. கரூசோ 1921-லேயே இறந்துவிட்டார். அவருடைய இசைத்தட்டுகள் எல்லாமே கூம்பு வழியாகப் பதிவானவை.

சிக்கல் எங்கே?

'டிக் டிக்' சத்தங்களை நீக்குவது ஓரளவு சுலபம். சாஃப்ட்வேர் அவற்றைக் கண்டுபிடித்து, பக்கத்தில் உள்ள ஒலியை வைத்து அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

கூம்புதான் பெரிய தலைவலி. அது சில அதிர்வெண்களைத் தூக்கிவிடும், சிலவற்றை அமுக்கிவிடும். மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த ஒலிகள் தட்டில் ஏறவே ஏறாது.

ஸ்டாக்ஹாம் என்ன செய்தார்?

1970-களில் இதைக் கையில் எடுத்தவர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஸ்டாக்ஹாம். வாட்டர்கேட் விவகாரத்தில், நிக்சன் டேப்பில் அழிந்துபோன 18½ நிமிடங்களை ஆராய்ந்த குழுவிலும் இருந்தவர்.

கரூசோ பாடிய கூம்பு அவரிடம் இல்லை. அதனால், அதே பாடலை நவீன மைக் முன் பாடிய வேறொரு பாடகரின் பதிவை எடுத்தார். இரண்டிலும் எந்த அதிர்வெண் சராசரியாக எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று கம்ப்யூட்டரில் ஒப்பிட்டார். வித்தியாசம் பெரும்பாலும் கூம்பின் வேலை என்று எடுத்துக்கொண்டு, அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். இந்த முறையில் மீட்ட பாடல்களை 1976-ல் ஆர்சிஏ நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது.

அப்போ, இது கரூசோதானா?

இங்கேதான் சிக்கல். இரு பாடகர்களின் குரலிலும் இயல்பாகவே வித்தியாசம் இருக்கும். அதையும் கூம்பின் கணக்கில் எழுதிவிட்டால், கரூசோவின் தனித்தன்மையில் கொஞ்சம் காணாமல் போகலாம். பின்னாளில் வந்த 'கரூசோ 2000' ஆல்பம் இன்னும் ஒருபடி மேலே போய், பழைய பக்கவாத்தியத்துக்குப் பதிலாகப் புதிய ஆர்க்கெஸ்ட்ராவையே சேர்த்தது.

ஊசி எழுதாமல் விட்ட ஒலியை எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது. இன்றைய ஏஐ அதை நிரப்பித் தரலாம். கேட்க இனிமையாகவும் இருக்கலாம். ஆனால் அது ஊகம்தான். அதனால்தான் ஆவணக் காப்பகங்கள், தட்டிலிருந்து எடுத்த முதல் டிஜிட்டல் நகலை எந்த மாற்றமும் செய்யாமல் தனியே பாதுகாக்கின்றன. நாளை இன்னும் நல்ல முறை வந்தால், அந்தக் கரகரப்பான நகலிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

அடுத்த முறை 'ரீமாஸ்டர்டு' என்று போட்ட பழைய பாட்டைக் கேட்டால், பழைய பதிப்பையும் ஒருமுறை தேடிக் கேட்டுப் பாருங்கள்.