காயம் ஆறிய பிறகு: இயன்மருத்துவர், யோகாசனம், பரிகாரியார்

ஊருக்குத் திரும்பிய முதல் மாதங்களில் காணி துப்புரவாக்க வேண்டும், தண்ணீர் அள்ள வேண்டும், கூரை போட வேண்டும். காலையோ கையையோ இழந்தவர்களுக்கும், செல் துண்டுகளை உடம்பில் சுமப்பவர்களுக்கும் இதே வேலைகள்தான். காயம் ஆறிவிட்டது, ஆனால் முழங்கால் நீளவில்லை, முதுகு பிடிக்கிறது, இரவில் நித்திரை இல்லை என்று சொல்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

இவர்களுக்கு உதவ மூன்று வழிகள் உள்ளன: வைத்தியசாலையில் இயன்மருத்துவம், வீட்டில் யோகாசனம், ஊரில் பரிகாரியாரின் எண்ணெயும் ஒத்தணமும். ஒன்றைச் செய்தால் மற்றதை விடவேண்டும் என்றில்லை. ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் இயன்மருத்துவர்

மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எந்தத் தசை பலமிழந்துள்ளது என்று இயன்மருத்துவர் சோதித்துப் பார்த்து, அதற்கேற்ற பயிற்சியைத் தருவார். அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்கள் அதன் கீழ் தலையணை வைத்துப் படுப்பதுண்டு. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நாளடைவில் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். இறுகிய காலுக்குச் செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாது. ஆகவே தலையணையை எடுத்துவிடுங்கள். கதிரையில் இருக்கும்போது காலைத் தொங்கவிடாமல் ஒரு பலகையின் மேல் நீட்டி வையுங்கள்.

1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் சிற்பி ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால், சப்பாத்து இல்லாமல் வயலில் நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்றது. ஆனால் அதைப் பயன்படுத்த நீளக்கூடிய முழங்காலும் பலமுள்ள தொடையும் வேண்டும். அவற்றைத் தருவது அன்றாடப் பயிற்சியே.

இரண்டாவது, யோகாசனம்

காலை இழந்தவர்களை ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் குப்புறப் படுக்கும்படி இயன்மருத்துவர்கள் சொல்வார்கள். இடுப்பு மூட்டு மடங்கி இறுகாமல் இருப்பதற்காக இது. யோகாசனத்தில் மகராசனமும் குப்புறப் படுப்பதுதான். ஆகவே ஆசனம் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. எத்தனை நிமிடம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதை இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.

பதகளிப்பும் நித்திரையின்மையும் உள்ளவர்கள் படுத்தபடியோ கதிரையில் இருந்தபடியோ மூச்சுப் பயிற்சி செய்யலாம். மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிடக் கூடுதலான நேரம் எடுத்து வெளியே விடுங்கள். இரத்த அழுத்தமோ இருதய நோயோ இருந்தால் மூச்சை அடக்க வேண்டாம். முள்ளந்தண்டில் காயம் பட்டவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் முதுகை வளைக்கும் ஆசனங்களைச் செய்யக்கூடாது. பயங்கரக் கனவுகள் தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். மூச்சுப் பயிற்சி அதற்குத் துணை மட்டுமே.

மூன்றாவது, பரிகாரியார்

நொச்சி இலை ஒத்தணமும் இளஞ்சூடான எண்ணெய்த் தடவலும் இறுகிய தசையை இளக்கும். இளகிய தசை இலகுவாக நீளும். ஆகவே ஒத்தணத்தை முதலில் வைத்து, பயிற்சியை அதன் பின் செய்வது நல்லது.

இழந்த கால் இன்னும் இருப்பதுபோல் சிலருக்கு நோகும். இது மனப்பிரமையோ பேய் பிசாசோ அல்ல. அறுபட்ட நரம்புகளாலும் மூளையாலும் உண்டாகும் உண்மையான நோ. புண் முழுவதும் ஆறியிருந்தால் அந்த இடத்தை மெதுவாகத் தடவுவதும் விரலால் தட்டுவதும் சிலருக்கு ஆறுதல் தரும். செயற்கைக் காலைக் கழற்றிய பின், இரவில் இதைச் செய்யுங்கள். காலை போடுமுன் எண்ணெய் பூசினால் தோல் இளகிப் புண்படும்.

பின்வரும் இடங்களில் கை வைக்க விடாதீர்கள்:

• செல் துண்டு உள்ள இடம். எக்ஸ்றே எடுத்திருந்தால் பரிகாரியாரிடம் காட்டுங்கள்.
• ஆறாத புண், அண்மையில் முறிந்த எலும்பு.
• திடீரென வீங்கிச் சூடாகி நோகும் கெண்டைக்கால். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரையே பறிக்கக்கூடும். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

உணர்ச்சி இல்லாத கைகால்களுக்குச் சூடான ஒத்தணம் வைக்காதீர்கள். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

சித்த வைத்தியர்களும் இலங்கையில் ஆயுர்வேத வைத்திய சபையில் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவு உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல வைத்தியர் அதைக் குறையாக எடுக்கமாட்டார்.

ஒரே கொப்பி

பரிகாரியாரிடம் போவதை வைத்தியசாலையில் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். அங்கு ஏசுவார்கள் என்ற பயம். ஆனால் மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான். உங்கள் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எந்த எண்ணெய் பூசினீர்கள், எந்த ஆசனம் செய்தீர்கள், எங்கே நோ கூடியது என்று எழுதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். மூன்று இடத்துக்குப் போகும்போதும் அதே கொப்பியைக் கொண்டு போங்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிந்தால்தான் மூன்றும் உங்கள் உடம்புக்கு உதவும்.