658-ஆம் ஏரி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் காட்டுக்குள் இருக்கும் இந்தச் சிற்றேரிக்கு எண்தான் பெயர். நிலக்கரிப் புகையிலிருந்து கிளம்பும் பாதரசம் காற்றில் நெடுந்தூரம் போய், ஆலையே இல்லாத இத்தகைய ஏரிகளிலும் மழையோடும் பனியோடும் இறங்குகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நஞ்சு உணவு வலைக்குள் நுழைவது அங்கேதான்.

பாசி, மிதவை உயிரிகள், சிறு மீன், பைக் மீன் என ஒவ்வொரு படியிலும் அது செறிகிறது. குளிர்நீரில் மீன்கள் மெல்ல வளர்ந்து நெடுநாள் வாழ்வதால் சேரும் அளவும் கூடுகிறது. பெரிய பைக்கின் தசையில் ஏரிநீரில் உள்ளதைப் போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் இருக்கலாம். கொழுப்பில் அல்ல, தசைப் புரதத்தில் ஒட்டிக்கொள்வதால் தோலுரித்தாலும் வேகவைத்தாலும் போகாது. கர்ப்பிணி உண்டால் கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

2001 முதல் 2007 வரை ஆய்வாளர்கள் இங்கே பாதரச ஐசோடோப்புகளைச் சேர்த்தார்கள். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய ஏரிக்கு ஒன்று, சதுப்புக்கு வேறொன்று, மேட்டுக்காட்டுக்கு இன்னொன்று. மேட்டுக்காட்டில் இட்டது பெரும்பாலும் மண்ணிலும் செடிகொடிகளிலும் தங்கிவிட்டது. ஏரியில் இட்டதோ விரைவிலேயே மீன்களில் தென்பட்டது. நிறுத்திய பின் எட்டு ஆண்டுகளில், இப்படிச் சேர்த்த பாதரசம் பைக் மீன்களில் 76 சதவீதமும் ஒயிட்ஃபிஷ் மீன்களில் 38 சதவீதமும் குறைந்தது. காற்றில் கலக்கும் பாதரசத்தைக் கட்டுப்படுத்தினால் மீன்கள் தேறும் என்பதற்கு இது நேரடிச் சான்று.