வடலிக் குருத்துக்கும் ஒரு விலை உண்டு

கனகராயன்குளத்தில் ஒரு பின்னேரம். மாமர நிழலில் ஏழெட்டுப் பெண்கள் சுற்றியிருந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தார்கள். கடகம், நீத்துப்பெட்டி, விசிறி என்று ஒவ்வொருவர் மடியிலும் ஒரு வேலை. கணவனை இழந்தவர்களும், காணாமற்போன மகனைத் தேடுபவர்களும் அவர்களுள் இருந்தனர். சமூகப் பணியாளராகச் சென்ற என் கண்ணில் பட்டது பக்கத்தில் குவிந்திருந்த ஓலை. அத்தனையும் வடலிக் குருத்து.

“இப்பிடி வெட்டினால் வடலி தப்புமோ அக்கா?” என்று கேட்டேன்.

“வடலிதான் பிள்ளை கைக்கு எட்டுது. பெரிய மரத்தில ஏற ஆள் பிடிச்சால் கூலி குடுக்க வேணும். பிறகு பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். அது பட்டுப்போனால் மரமும் பட்டுப்போகும். குருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டினால் வடலி நலிந்துவிடும். ஒரு பனை காய்க்கத் தொடங்க 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டியவை இந்த வடலிகளே. தூக்கணாங்குருவி பனையோலையிலும் கூடு கட்டும்.

தொழிலையும் இயற்கையையும் ஒன்றாகக் காக்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2015இல் சிலாபத்தைச் சேர்ந்த சுதீசா நிறுவனமும் சீகொலஜி அமைப்பும் ஒரு திட்டத்தைத் தொடங்கின. கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது, அவர்கள் தம் ஊர்க் கண்டல் காடுகளைக் காப்பது என்பதே அதன் ஏற்பாடு.

அன்று நாங்கள் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். சாயத்துக்கும் பஸ்ஸுக்கும் காசு எழுதியிருந்தார்கள். ஓலைக்கு ஒன்றும் எழுதவில்லை. தங்கள் நாட்கூலியையும் எழுதவில்லை. கடகம் மலிவாக விற்றதன் இரகசியம் இதுதான். மீதி விலையை வடலியும் இந்தப் பெண்களின் முதுகும் கொடுத்துக்கொண்டிருந்தன.

பலமுறை கூடிப் பேசிய பின் குழுவாகச் சில முடிவுகள் எடுத்தார்கள்:

வடலியில் கை வைப்பதில்லை. மாதம் ஒருமுறை மரம் ஏறுபவரை அழைத்து, கூலியை எல்லோரும் பங்கிட்டுக் கொடுப்பது.

ஒரு மரத்தில் ஒரு குருத்து மட்டும் எடுப்பது. அடுத்த ஓலைகள் நன்றாக விரியும்வரை அந்த மரத்தை விட்டுவிடுவது.

ஏறுகூலியையும் நாட்கூலியையும் விலையில் சேர்ப்பது.

பனம்பழக் காலத்தில் விதை பொறுக்கி, மாரிமழைக்கு முன் வேலியோரம் புதைப்பது. பனங்கன்றைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. ஆகவே மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே விதைக்க வேண்டும்.

முதல் மாதம் விற்பனை குறைந்தது. ஒரு வியாபாரி வாங்க மறுத்தார். ஒரு சகோதரி குழுவை விட்டும் விலகினார். அவர்மீது கோபப்பட முடியவில்லை. அடுத்த நாள் சோற்றுக்கு வழியில்லாதவரிடம் இருபது ஆண்டுக் கணக்கைச் சொல்வது எப்படி? பிறகு ஏ-9 வீதியோரக் கடையொன்று எங்கள் விலைக்கே வாங்க முன்வந்தது. 2017இல் பொலித்தீன் பைகளுக்குத் தடை வந்தபின் ஓலைப் பெட்டியைத் தேடி வாங்குவோரும் இருக்கிறார்கள். விலகிய சகோதரியும் திரும்பி வந்தார்.

சகோதரிகளே, ஓலைக்கோ விதைக்கோ போகும்போது மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களுக்குள் கால் வைக்காதீர்கள். அடுத்த பெட்டிக்கு விலை சொல்லுமுன் உங்கள் உழைப்பையும் மரத்தின் பங்கையும் கணக்கில் எழுதுங்கள். இன்று நாம் விட்டுவைக்கும் வடலியில்தான் நாளை நம் பிள்ளைகள் ஓலை எடுக்க வேண்டும்.