ஆச்சிமாரின் கொட்டான்

செட்டிநாட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறீர்களா? சீர்வரிசையில் வண்ண வண்ண ஓலைக் கூடைகள் இருக்குமே, அவைதான் கொட்டான்கள். அந்தக் காலத்தில் ஆச்சிமார், வீட்டு வேலை ஓய்ந்த பிறகு தம் கையாலேயே முடைந்தவை.

பனங்குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, மெல்லிசாக வகிர்ந்து, சாயத்தில் கொதிக்கவிட வேண்டும். ஈரப்பதம் இருக்கும்போதே பின்ன வேண்டும், காய்ந்தால் ஒடிந்துவிடும். பிறகு விளிம்பில் மணியும் லேஸும் தைப்பார்கள். அது ஆச்சிமாருக்கே உரிய ஜம்பம்!

பிளாஸ்டிக் டப்பா வந்தது. கொட்டான் பரணுக்குப் போயிற்று. 2000-இல் விசாலாட்சி ராமசாமி தொடங்கிய அறக்கட்டளைதான் அதை மீண்டும் இறக்கி வைத்தது. இப்போது முடைகிறவர்கள் காரைக்குடி வட்டாரத்துக் கிராமப் பெண்கள். ஆச்சிமாருக்குப் பொழுதுபோக்கு, இவர்களுக்குக் கூலி.

நவராத்திரித் தாம்பூலத்துக்குக் கொட்டான் வாங்கப் போகிறீர்களா? “ஓலைக்கா இந்த விலை?” என்று பேரம் பேசுமுன், அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்து இழைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன்!