கோவாவுக்குப் போகட்டுமா?

உபவாச ஜெபம் முடிந்தபின் சிவாஜிநகரில் எங்கள் சபை வாலிபர் ஆறு பேர் என்னிடம் கேட்ட கேள்வி இது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் நவம்பரில் கோவாவின் வாகத்தோரில் நடத்தும் 'மோட்டோவெர்ஸ்' என்னும் மோட்டார் சைக்கிள் விழாவே காரியம். 2022 வரை அதன் பெயர் ரைடர் மேனியா. (1956-ல் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய புல்லட்டின்மேல் தமிழ் வாலிபருக்கு ஆசை வருவதில் வியப்பென்ன!)

கோவா என்றதும் மதுவும் இரவுக் கச்சேரியுமே பெற்றோரின் கண்முன் வந்தன. அது வீண்பயமல்ல. ஆனாலும் ஒரே வார்த்தையில் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் அர்கன்சாஸில் ஹெர்ப் ஷ்ரீவ் என்னும் போதகர், தம்மைவிட்டு விலகிய மகனோடு ஒன்றாய்ப் பிரயாணம்பண்ணவே மோட்டார் சைக்கிள் வாங்கினார். 1975-ல் அவர் தொடங்கிய கிறிஸ்தவ மோட்டார் சைக்கிள் சங்கம் இத்தகைய விழாக்களிலே சுவிசேஷம் அறிவிக்கிறது. பிலிப்புவும் எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தண்டை ஓடித்தானே சேர்ந்தார்?

ஆகவே பெற்றோரையும் அழைத்துத் திட்டம்பண்ணினோம். துமகூரு, சித்ரதுர்கா, ஹூப்ளி வழியாக ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டுவது புத்தியீனம், ஹூப்ளியில் இராத்தங்கல். இருட்டியபின் வண்டி எடுக்கலாகாது. மலைப்பாதை வளைவுகளில் முந்தலாகாது. பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும். அனுபவமுள்ள ஒருவன் முன்னே, மற்றொருவன் கடைசியில். பிள்ளைகளின் நடைக்குத் தக்கதாய் மெதுவாய் நடந்த யாக்கோபைப்போல, மெதுவாய் ஓட்டுகிறவனின் வேகமே எல்லாருக்கும் வேகம். ஞாயிறு காலை அங்குள்ள ஏதாவதொரு சபையில் ஆராதனை.

ஒரு தகப்பனார் மட்டும் கடைசிவரை பேசாதிருந்தார். எழும்பும்போது மகனைப் பார்த்து, "உன் வண்டியில் பின்னால் எனக்கு இடமுண்டா?" என்று கேட்டார்.